காத்திருக்க முடிந்தவர்களின் இயற்பியல்

பெயின்ட், பற்பசை, தோசை மாவு, டயர், சோப்பு நுரை, சூளையில் மிதிபடும் களிமண், செல்பேசித் திரை, மனித ரத்தம். இவை எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பார்த்து ஆராயும் ஒரு துறை இயற்பியலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை சாஃப்ட் மேட்டர் என்பார்கள். தமிழில் மென்பொருள் என்று சொல்ல வழியில்லை, அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மென்பருப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். திடம் என்றும் திரவம் என்றும் ஒரே சொல்லில் அடக்க முடியாத, லேசாக அழுத்தினாலே வடிவம் மாறிவிடுகிற பொருள்களைப் படிக்கும் துறை இது.

நான் இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு நாள் சுற்றி வந்தால் என் பாடத்திட்டத்தில் பாதியைப் பார்த்துவிடலாம். பெயின்ட், பிசின், ரப்பர், பிளாஸ்டிக் என்று வரிசையாகக் கம்பெனிகள். திருவள்ளூர் மாவட்டம் முழுக்கச் செங்கல் சூளைகள். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். இந்தப் பொருள்களை நாள் முழுக்கக் கையாளும் கைகள் எந்தச் சேரியிலிருந்து, எந்த இருளர் குடியிருப்பிலிருந்து, எந்த வடமாநிலத்திலிருந்து வருகின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இதே பொருள்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

காலில் பூசிய பால்

1991ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பிரான்சைச் சேர்ந்த பியர்-ஜில் தெ ஜென்னுக்குக் கிடைத்தது. பரிசு ஏற்புரையின் தலைப்பையே மென்பருப்பொருள் என்று வைத்தார். எங்கள் துறைக்கு உலக அளவில் பெயர் சொல்லிக்கொடுத்த உரை அது. அந்த உரையில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட உதாரணம் எந்த ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்ததல்ல. அமேசான் காட்டுப் பழங்குடிகள் ரப்பர் மரத்துப் பாலைக் காலில் பூசி உலரவிட்டுக் காலணி செய்துகொண்டதைத்தான் அவர் சொன்னார்.

ரப்பர் பால் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கலந்த திரவம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலிகளுக்கிடையே அங்கங்கே பாலம் போடுகிறது. திரவம் ஒரு வலையாக மாறி, காலைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே ஆக்சிஜன் போகப்போகச் சங்கிலிகளை அறுத்தும் விடுவதால் காலணி சீக்கிரம் பிய்ந்துபோகும். 1839இல் சார்லஸ் குட்இயர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். நீடித்து உழைக்கும் ரப்பர் கிடைத்தது. ஏறத்தாழ 200 கார்பன் அணுக்களில் ஒன்று மட்டும் கந்தகத்தோடு சேர்ந்தால் போதும், ஓடும் திரவம் இழுபடும் திடமாகிவிடும். மிகச் சிறிய மாற்றம் மிகப் பெரிய விளைவைத் தருவதுதான் மென்பருப்பொருளின் அடிப்படைக் குணம் என்று காட்ட இந்த உதாரணத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த ரப்பர் எங்கள் வட்டத்துக்கும் வந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்றொரு கிராமம். அங்கே பெரும்பான்மையோர் தலித்துகள். ஊரையொட்டி ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் காடும் இருந்தன. ஆடுமாடு மேய்ந்ததும், விறகும் மூலிகையும் கிடைத்ததும், ஏரிக்குத் தண்ணீர் இறங்கி வந்ததும் அங்கேதான். பட்டா இல்லாத மக்களுக்கு அதுதான் சொத்து. அரசு அதை சிப்காட் தொழிற்பூங்காவாக்கியது. பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் 2009இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு அங்கே ஆலை கட்டியது. மக்கள் போராடினார்கள், கைதானார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள். 2012இல் தேர்வாய் சங்கமும் தமிழக நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடும் தொழிற்சங்கத்தோடும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி நெறிமுறைகளின் கீழ் பாரிசிலுள்ள தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தார்கள். நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை என்று 2013இல் அந்த மையம் அறிக்கை தந்தது, சில பரிந்துரைகளையும் சேர்த்தது. புகார்தாரர்கள் அதை ஏற்கவில்லை.

ரப்பரின் அறிவியலைப் பேசத் தொடங்கியபோது தெ ஜென் அமேசான் மக்களின் காலை மறக்கவில்லை. தேர்வாயின் நிலத்தின் மேல் டயர் செய்யும் இந்த வட்டாரத்திலிருந்து ரப்பர் இயற்பியல் படிக்க எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணக்கூட வேண்டியதில்லை.

கைக்குத் தெரிந்தது

என் அப்பா ஒரு பெயின்ட் கம்பெனியில் பல வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். கலக்கும் குச்சியைத் தூக்கிப் பார்ப்பார். நூலாக இறங்குகிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தின்னர் ஊத்துப்பா" என்பார். அதன் பிறகு சூப்பர்வைசர் ஃபோர்டு கப்பில் ஊற்றி நேரம் பார்ப்பார். பெரும்பாலும் அப்பா சொன்னதுதான் சரியாக இருக்கும். நான் ஆய்வுக்கூடத்தில் ரியோமீட்டர் என்ற பல லட்ச ரூபாய்க் கருவியில் அளப்பதும் அதே பாகுத்தன்மையைத்தான். பிரஷ்ஷால் இழுக்கும்போது பெயின்ட் இளகுகிறது, சுவரில் நின்றதும் இறுகுகிறது. ஏன் அப்படி என்பது எனக்குத் தெரியும். எப்போது என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் அறிவுக்கு நாட்கூலி, என் அறிவுக்குப் பட்டம்.

அப்பாவின் கை சமன்பாடு எழுதும் என்று நான் சொல்லவில்லை. கைவேலை தெரிந்தவர்கள் அனைவரும் விஞ்ஞானிகள் என்று புகழ்ந்துவிட்டு அவர்களை அங்கேயே விட்டுவிடும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்பது வேறு. ஒரு பொருளோடு வாழ்நாளெல்லாம் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு, அந்தப் பொருளின் அறிவியலைப் படிக்க மற்றவர்களைவிட ஒரு காரணம் அதிகமாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளை ஏன் அங்கே போய்ச் சேருவதில்லை?

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத்தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது. ஆவாரம்பட்டையிலுள்ள டானின் கொலாஜன் என்ற புரத இழைகளோடு பிணைந்து அவற்றைக் காப்பதுதான் இதன் ரகசியம். பொருளைத் தொடுவதையே தீட்டு என்று சொன்ன சமூகத்தில் இந்த வேதியியலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னார்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கங்காரு வால் தசைநார் அவர்களுக்குக் கிடைத்தது அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. இந்திய அறிவியலின் பெருமைக்குரிய பக்கம் இது, எனக்கும் பெருமைதான். ஆனால் தோல் ஒரு சாதிக்குத் தீட்டாகவும் இன்னொரு சாதிக்கு நேச்சர் இதழ்க் கட்டுரையாகவும் ஆனது எப்படி என்ற கேள்வியை அந்தப் பெருமை மூடிவிடக் கூடாது.

சாதி வேலைகளைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைத்தது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். ஆய்வுக்கூடமும் அந்த அடுக்கில் ஒரு மாடிதான்.

ஒரு வாழ்க்கைப் பாதை

இந்தியாவில் மென்பருப்பொருள் இயற்பியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் எஸ். சந்திரசேகர். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சந்திரசேகர் அல்ல இவர், திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். 1930இல் கல்கத்தாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நாக்பூரில் எம்.எஸ்சி. முடித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வு நிறுவனத்திலேயே ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். பிறகு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போய் 1958இல் இரண்டாவது முனைவர் பட்டம். லண்டனில் சில ஆண்டுகள். 1961இல் மைசூர்ப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் முதல் தலைவரானார். அங்கேதான் திரவப் படிகங்களின் பக்கம் திரும்பினார். ராமன் மறைந்த மறுவருடம், 1971இல், ராமன் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார்.

அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு 1977இல் வந்தது. அதுவரை திரவப் படிகம் என்றால் குச்சி போன்ற மூலக்கூறுகள்தாம் என்று நினைத்திருந்தார்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் காசுகளை அடுக்கியதுபோல் தூண்தூணாக அடுங்கித் திரவப் படிகமாகும் என்று சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் காட்டினார்கள். கட்டுரை வெளியானது இந்திய இதழான பிரமாணாவில். ஓய்வுக்குப் பிறகு, 1991இல், அவர் பெங்களூரில் திரவப் படிக ஆய்வு மையத்தை உருவாக்கினார். இன்று அதன் பெயரிலேயே மென்பருப்பொருள் இருக்கிறது, நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்று. 2004இல் அவர் மறைந்தார்.

இந்தப் பாதையை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். அவருடைய பாடப்புத்தகம் இல்லாமல் என் துறையில் யாரும் வளர முடியாது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அந்தத் திறமை எதன்மேல் நின்றது என்று பாருங்கள். முதல் பட்டத்திலிருந்து முக்கியக் கண்டுபிடிப்பு வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள். நடுவில் நாடு மாறினார், தலைப்பு மாறினார், ஆய்வகத்தைப் புதிதாகக் கட்டினார். ஒரு கட்டத்திலும் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்வி அவர் தலைப்பைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அதே குடும்பத்திலிருந்து ராமன், நட்சத்திர சந்திரசேகர், எஸ். ராமசேஷன், எஸ். பஞ்சரத்தினம் என்று இயற்பியலாளர்கள் வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் இயற்கை இவ்வளவு மூளையை அள்ளிக் கொடுத்தது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். என் கணக்கில் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது நேரம். எந்தப் படிப்பு எங்கே போய்ச் சேரும் என்று சாப்பாட்டு வேளையிலேயே காதில் விழும் வீடு. தோற்றாலும் பிடித்துக்கொள்ளும் உறவு. அவசரப்படத் தேவையில்லாத மனம்.

இன்னொரு பாதை

செந்தில்குமார் சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டிச் சமூகத்தில் பிறந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்க ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் வரை போனவர். சேர்ந்து மாதங்கள் கடந்தும் அவருக்கு மேற்பார்வையாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரிழந்தார். அதன் பிறகு பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு, இயற்பியல் துறையில் மேற்பார்வையாளர் ஒதுக்கும் நடைமுறை தெளிவில்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது.

அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பியவர். அப்போது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது.

இரண்டு சாவுகளுக்கு நடுவே எட்டு ஆண்டுகள். மேற்பார்வையாளர் வருவார் என்று ஒருவர் காத்திருக்க வைக்கப்பட்டார், பணம் வரும் என்று இன்னொருவர். ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு ஆராய்ச்சியைப் பழுக்கவைத்த அதே காலம், இன்னொரு குடும்பத்தின் பிள்ளைக்குக் கழுத்தில் ஏறும் பாரமாகிறது. முனைவர் பட்டம் என்பது மாணவர் பருவத்தின் நீட்சி என்று பொதுவாக நினைக்கிறார்கள். 28, 30 வயதில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு அது வேலை. சம்பளம் வராத மாதங்களும் உள்ள வேலை.

எனக்கும் ஒருமுறை ஒன்பது மாதம் உதவித்தொகை வரவில்லை. சான்றிதழ் பதிவேற்றம், துறைத்தலைவர் கையொப்பம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம். அந்த ஒன்பது மாதமும் பரிசோதனையைத் தொடர்ந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் மன உறுதி அல்ல, அம்மாவின் மகளிர் குழுக் கடன். கூட இருந்த ஒருவனுக்கு எந்தத் தாமதமும் பொருட்டாக இல்லை. அவன் அப்பா பேராசிரியர், சொந்த ஊரில் வீடு. அவன் நல்லவன்தான், பலமுறை எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்தவன். சாதி இயங்குவதற்குக் கெட்டவர்கள் தேவையில்லை என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

எண்கள் சொல்வது

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே திரட்டிய தரவுகளை நேச்சர் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. நாட்டின் உச்ச அறிவியல், தொழில்நுட்ப நிறுவனங்களில் முழுநிலைப் பேராசிரியர்களாக இருக்கும் தலித், ஆதிவாசிகள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது அது. நால்வரில் ஒருவராக இருக்க வேண்டியவர்கள் நூற்றில் ஒருவராகக்கூட இல்லை.

இது தானாக நடந்ததல்ல. 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ரோஸ்டர் முறைக்கு எதிராக நாடெங்கும் நடந்த போராட்டத்தின் விளைவு அது. ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, அட்டவணையில் சேர்க்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சிறப்பு நிறுவனங்களுக்கும் விலக்கு கொடுத்துவிட்டது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு மையம், ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் அந்த உறுப்பு நிறுவனங்களில் ஒன்று. கோட்பாட்டு இயற்பியல் செய்ய விரும்பும் தமிழ்நாட்டு மாணவர் முதலில் அண்ணாந்து பார்க்கும் வாசல்கள் இவை. 2020இல், ஐஐடிகளையும் இந்த விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம் என்று டெல்லி ஐஐடி இயக்குநர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. இருக்கிற வாசலையும் சாத்தச் சொன்ன பரிந்துரை அது.

சென்னை ஐஐடியில் கணிதம் கற்பித்த வசந்தா கந்தசாமியை இளைய தோழர்கள் மறந்துவிடக் கூடாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அதை அவர் தனிப்பட்ட வருத்தமாக வைத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் எடுத்துவந்தார். சமூக நீதிக்காக நின்ற துணிவுக்கு 2006இல் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அந்த வளாகத்தில் சாதியை ஒரு பேசுபொருளாக்கியதில் அவர் பங்கு பெரிது.

தார் ஒழுகும் வேகம்

இந்த எண்களைச் சொன்னால் வரும் முதல் பதில், "காலம் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்பது. பொறுமையைப் பற்றி என் துறைக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் கெட்டித் தாரை வைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் உடைகிற தார். ஆனால் அது மெல்ல ஒழுகுகிறது. 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள். தார் திடமா, திரவமா? நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். பொருள் நெகிழ எடுக்கும் நேரத்தை, நாம் கவனிக்கும் நேரத்தோடு ஒப்பிடும் ஓர் எண் எங்கள் துறையில் இருக்கிறது. 1964இல் மார்கஸ் ரெய்னர் அதற்கு விவிலியத்துத் தீர்க்கதரிசியின் பெயரால் தெபோரா எண் என்று பெயர் வைத்தார்.

சாதி காலப்போக்கில் கரையும் என்று சொல்கிறவர்கள் நூறு வருடக் கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆய்வாளருக்கு இருப்பது ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் அவர் மோதுவது திடச்சுவரோடுதான். அது இன்னும் எண்பது ஆண்டில் ஒழுகிவிடும் என்பதால் அவருக்கு அடிபடாமல் இருப்பதில்லை.

தொழில் வந்தால் சாதி போய்விடும் என்பதும் இதே கடிகாரத்தின் பேச்சுதான். கும்மிடிப்பூண்டியில் எத்தனை காலமாகத் தொழிற்பேட்டை இருக்கிறது! இதே பகுதியின் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண் என்பதால் 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று ஆட்சியர் முன்னிலையில் கொடியேற்றினார். ஆலைப் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் நடந்தது இது. அந்த ஐந்து நாளில் நிலைமையை மாற்றியது காலம் அல்ல. கேள்வியும் சட்டமும்தான்.

தாரை வேகமாக ஓடவைக்க ஒரு வழி உண்டு, சூடாக்க வேண்டும். சாதி விஷயத்தில் அந்தச் சூடு இடஒதுக்கீடும் போராட்டமும். தமிழ்நாட்டில் 1920களின் வகுப்புவாரி ஆணைகளிலிருந்து இன்றுவரை வாசல்கள் திறந்தது அப்படித்தான்.

"தகுதி" என்ற பதில்

இரண்டாவது பதில் தகுதி. அடிப்படை அறிவியல் நுட்பமானது, அங்கே சமரசம் கூடாது என்பார்கள். ஒரு நேர்காணலில் என் கோட்பாட்டுக் கேள்விகள் முடிந்ததும் குழுவிலிருந்த ஒருவர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். "அப்போ உங்களுக்கு இண்டஸ்ட்ரியே நல்லா செட் ஆகுமே, எதுக்கு ரிசர்ச்?" என்றார், சிரித்துக்கொண்டே. அறையில் யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. பேராசிரியர் மகனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தகுதி என்று அவர்கள் அளப்பதில் பாதி, ஒருவர் அந்த நாற்காலியில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறார் என்பது. அந்த இயல்பு வீட்டில் கிடைப்பது.

எங்கள் துறையின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஜெர்மனியின் ஆக்னஸ் போக்கெல்ஸ், பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக முடியாதவர். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் பரவுவதைக் கவனித்து, சமையலறையிலேயே ஒரு தொட்டி செய்து நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். 1891இல் தன் முடிவுகளை லார்ட் ரேலேக்குக் கடிதமாக எழுதினார். ரேலே அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். இன்று பரப்புப் படல ஆய்வகங்களில் இருக்கும் தொட்டி அவருடைய தொட்டியின் வழிவந்தது. இந்தக் கதையைச் சொல்லி, திறமை எங்கிருந்தாலும் வெளியே வந்துவிடும் என்பார்கள். எனக்கு இது வேறு மாதிரிதான் தெரிகிறது. ஒரு கடிதம், ஒரு பெரிய மனிதரின் பெருந்தன்மை, இரண்டும் தற்செயலாகச் சந்தித்தன. அப்படிச் சந்திக்காத சமையலறைகள் எத்தனை? அறிவியல் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் விதிமுறைகள் வேண்டும் என்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்

2019 சட்டத்தின் 4ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் எந்த ஆய்வு நிறுவனமும் சமூக நீதிக்கு மேலே நிற்க முடியாது. நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் துறைவாரியாக, பதவிவாரியாக, விண்ணப்பித்தவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், நியமிக்கப்பட்டவர்கள் எந்தச் சமூகப் பிரிவினர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்ற வரி அப்போதுதான் சோதிக்கப்படும்.

உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும். அரசிடமிருந்து தாமதமானால் நிறுவனம் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். மேற்பார்வையாளர் ஒதுக்கீட்டுக்கு எழுத்துப்பூர்வமான காலக்கெடு வேண்டும். செந்தில்குமாருக்குப் பிறகும் இதைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்வதே அவமானம்.

முனைவர் பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவிலுள்ள முதுமுனைவர் ஆண்டுகளைப் பற்றி நம் இயக்கங்களே அதிகம் பேசுவதில்லை. திட்ட நிதியை வைத்திருக்கும் தனிப் பேராசிரியர், தெரிந்தவர் சொன்னவரைத் தேர்ந்தெடுக்கும் இடமாக அது பெரும்பாலும் இருக்கிறது. இங்கேதான் எங்களில் பலர் உதிர்ந்து கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகவோ, டியூஷன் சென்டர்களிலோ போய்ச் சேருகிறார்கள். தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென மூன்றாண்டு முதுமுனைவர் உதவித்தொகையை அடிப்படை அறிவியலுக்கும் சேர்த்து உருவாக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்பலாம்.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு கோரிக்கை. சிப்காட் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பதில் முடிந்துவிடக் கூடாது. அந்த வண்ணத்தின் அறிவியலைப் படிக்க மாவட்டத்தின் ஓர் அரசுக் கல்லூரியில் ரியோமீட்டரும் நுண்ணோக்கியும் உள்ள ஓர் ஆய்வகம் வேண்டும். பெயின்ட், ரப்பர், பிசின் கம்பெனிகளுக்கு அது பயன்படும். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் பயன்படும். நிலத்தைக் கொடுத்த தேர்வாய் போன்ற ஊர்களுக்குக் காவலாளி வேலையோடு கணக்கு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டு இளநிலை இயற்பியல் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஜாம், ஜெஸ்ட், கேட், நெட் என்ற நான்கு தேர்வுகளின் பெயரை முதலாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது மூன்றாம் ஆண்டின் கடைசியில்தான் தெரிந்தது, ஏனென்றால் சொல்ல ஆள் இல்லை. இப்போது இருக்கிறோம், எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும். உங்கள் கல்லூரியின் அம்பேத்கர், பெரியார் வாசகர் வட்டங்களில் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம். விண்ணப்பம் எழுதுவதிலிருந்து மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது வரை சேர்ந்து செய்வோம். உதவித்தொகை நின்றால் தனியாக அறையில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள். அதைத் தீர்ப்பது சங்கத்தின் வேலை.